கிளிக் சத்தம் கேட்டா நிறுத்துங்க

தமிழ்நாட்டுல இருந்து புதுச்சேரி வர்ற எந்த நண்பருக்கும், திரும்பிக் கிளம்புற நேரத்துல நாம சொல்ற அறிவுரை ஒண்ணுதான்: "பார்டர் தாண்டுறதுக்கு முன்னாடி டேங்க் ஃபுல் பண்ணிடு." காரணம் உங்களுக்கே தெரியும். இங்க வாட் வரி குறைவு. 2025 ஜனவரி 1ல வரி கொஞ்சம் ஏறின பிறகும், எல்லைக்கு அந்தப் பக்கத்தை விட லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம். பிரெஞ்சுக்காரங்க விட்டுட்டுப் போன எல்லைக்கோடு வளைஞ்சு நெளிஞ்சு போறதால, ஊருக்குள்ள வர்ற ஒவ்வொரு ரோட்டுலயும் ஒரு பார்டர் இருக்கு. ஈசிஆர்ல கனகசெட்டிக்குளம், திண்டிவனம் ரோட்டுல கோரிமேடு, விழுப்புரம் ரோட்டுல மதகடிப்பட்டு, கடலூர் ரோட்டுல முள்ளோடை. அந்தப் பக்கத்து பங்க்குகள்ல தமிழ்நாட்டு நம்பர் பிளேட்டுகள் வரிசையில நிக்கிறதைப் பார்க்காதவங்க இங்க யாரும் இருக்க மாட்டோம்.

டேங்க் ஃபுல் பண்றதுல தப்பே இல்ல. நான் பேச வந்தது அதுக்கு அப்புறம் நடக்குற ஒரு முப்பது செகண்டைப் பத்தி. நாசில் "கிளிக்"னு தானா நின்னுடும். உடனே நாம, "அண்ணா, இன்னும் கொஞ்சம் போகும், போடுங்க" என்போம். இல்லைன்னா பங்க்ல நிக்கிற அக்காவே "ரவுண்டா போட்டுடவா?" என்று கேப்பாங்க. வண்டியை ரெண்டு தடவை ஆட்டி, நுரை அடங்க விட்டு, கழுத்து வரைக்கும் ரொப்புவோம்.

டீசல் வண்டின்னா இதனால பெருசா எதுவும் ஆகாது. பெட்ரோல் வண்டின்னா, அந்த முப்பது செகண்ட்ல வண்டிக்குள்ள இருக்குற ஒரு மாசுக்கட்டுப்பாட்டுக் கருவியை நாமளே கெடுக்கத் தொடங்குறோம். ஒரே பங்க், பக்கத்துப் பக்கத்துல ரெண்டு நாசில், ஆனா உள்ள போறது ரெண்டு வேற குணமுள்ள திரவம். இதை நாம செமஸ்டர் எக்ஸாம்ல ரெண்டு மார்க் கேள்வியா எழுதிட்டு, பங்க்ல போய் மறந்துடுறோம். அதுதான் என் வருத்தம்.

ஆவியாகுற பெட்ரோலும் சும்மா கிடக்குற டீசலும்

பெட்ரோல் ஒரே ஒரு பொருள் கிடையாது. நூத்துக்கணக்கான ஹைட்ரோகார்பன்களோட கலவை. அதுல லேசானது சுமார் 35 டிகிரி செல்சியஸ்லயே கொதிக்க ஆரம்பிச்சுடும். மே மாசம் நேரு வீதியில வெயில்ல நிறுத்தின வண்டியோட டேங்க் அந்தச் சூட்டைச் சாதாரணமா தாண்டும். 38 டிகிரியில பெட்ரோலோட ஆவியழுத்தம் சுமார் 60 கிலோபாஸ்கல். நம்ம தலைக்கு மேல இருக்குற வளிமண்டல அழுத்தமே 101தான். அதே சூட்டுல டீசலுக்கு 1 கிலோபாஸ்கல் கூட வராது. டீசல் கொதிக்க ஆரம்பிக்கவே 150 டிகிரிக்கு மேல வேணும்.

இதுல ஒரு சுவாரசியம் இருக்கு. காத்துல பெட்ரோல் ஆவி ஏறத்தாழ 1.4 சதவீதத்துல இருந்து 7.6 சதவீதம் வரைக்கும் இருந்தாத்தான் தீப்பிடிக்கும். மூடின பெட்ரோல் டேங்குக்குள்ள ஆவி அதை விடப் பல மடங்கு அடர்த்தி, அதனால உள்ள எரியுறதுக்குக் காத்து போதாது. டீசல் டேங்குக்குள்ள நேர் எதிர்: சாதாரண சூட்டுல எரியுற அளவுக்கு ஆவியே இல்ல. பெட்ரோல்ல ஆபத்தான இடம் டேங்க்கோட வாய்தான். உள்ள இருக்குற ஆவி வெளிக்காத்தோட கலக்குறது அங்கதான். பங்க்ல இன்ஜினை ஆஃப் பண்ணச் சொல்றதும், சிகரெட்டை அணைக்கச் சொல்றதும் இதுக்காகத்தான்.

பழைய அம்பாசடர் ஓட்டின பெரியவங்க யாராவது வீட்டுல இருந்தா கேட்டுப் பாருங்க. வெயில்ல வண்டி திடீர்னு நின்னுடும். பானெட்டைத் திறந்து, பெட்ரோல் பம்ப் மேல ஈரத்துணியைச் சுத்தி வச்சு, கொஞ்ச நேரம் கழிச்சு ஸ்டார்ட் பண்ணுவாங்க. பைப்புக்குள்ள பெட்ரோல் ஆவியாகி, பம்ப்பால அதை இழுக்க முடியாமப் போறதுதான் வேப்பர் லாக். இப்போ பம்ப்பை டேங்குக்குள்ளயே வச்சு, மூணு நாலு பார் அழுத்தத்துல தள்ளுறதால அந்தத் தொல்லை போயிடுச்சு. டீசல் வண்டிக்காரங்க அந்த ஈரத்துணியைப் பார்த்ததே கிடையாது. அவங்க தொல்லை வேற: டீசல் காலியானா லைன்ல காத்து புகுந்துடும், ஹேண்ட் பம்ப்பை அமுக்கி அமுக்கி அந்தக் காத்தை வெளியேத்தணும். பெட்ரோலுக்கு எதிரி அதோட ஆவி. டீசலுக்கு எதிரி காத்தும் தண்ணியும்.

கரி டப்பா செய்யுற வேலை

பெட்ரோல் ஆவியை அப்படியே வெளியில விட்டா ஊர் காத்து கெடும். மூடியே வச்சா டேங்க்ல அழுத்தம் ஏறும். இதுக்குக் கண்டுபிடிச்ச தீர்வுதான் கேனிஸ்டர். ஒரு பிளாஸ்டிக் டப்பா, உள்ள செயலூட்டப்பட்ட கரி. அந்தக் கரியில ஒரு கிராமுக்குள்ளயே ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்குப் பரப்பு ஒளிஞ்சிருக்கு, அவ்வளவு நுண்ணிய துளைகள். டேங்க்ல கிளம்புற ஆவி ஒரு குழாய் வழியா அங்க போய் ஒட்டிக்கும். வண்டி ஓடும்போது இசியூ பர்ஜ் வால்வைத் திறக்கும். பெட்ரோல் இன்ஜின்ல த்ராட்டில் இருக்கிறதால இன்டேக் மேனிஃபோல்டுல வெற்றிடம் உண்டாகும். அது வெளிக்காத்தைக் கரி வழியா இழுத்து, ஒட்டியிருக்குற ஆவியையும் சேர்த்து இன்ஜினுக்குள்ள கொண்டு போய் எரிச்சுடும். நீங்க காசு குடுத்து வாங்கின ஆவி, வீணாகாம உங்க வண்டியையே ஓட்டுது.

கலிபோர்னியாவுல 1970 மாடல் கார்கள்லயே இந்த ஆவிக்கட்டுப்பாடு கட்டாயமாச்சு. இந்தியாவுல இன்னைக்கு இருக்குற விதிப்படி, ஒரு பெட்ரோல் காரைக் காத்துப் புகாத அறைக்குள்ள நிறுத்தி, ஒரு பகல் ஒரு இரவோட சூட்டு ஏற்றத்தாழ்வை உண்டாக்கி அளப்பாங்க. மொத்தமா வெளிவர்ற ஆவி 2 கிராமைத் தாண்டக் கூடாது. பிஎஸ் 6 வந்த பிறகு டூவீலருக்கு 1.5 கிராம். ஆமாம், ஹாஸ்டல் வாசல்ல நிக்கிற உங்க ஸ்கூட்டர்லயும் ஒரு குட்டிக் கரி டப்பா இருக்கு. சீட்டைச் சுத்தி இருக்குற பிளாஸ்டிக்குக்கு உள்ள பாருங்க.

டீசல் காருக்கு இந்தச் சோதனையே கிடையாது. டேங்க், வடிகட்டி, தண்ணி பிரிக்கிற பகுதி, ஹை பிரஷர் பம்ப், காமன் ரெயில், இன்ஜெக்டர். மிச்சமான சூடான டீசல் ரிட்டர்ன் லைன் வழியா டேங்குக்கே திரும்பும். அப்படிச் சூடாகித் திரும்பியும் பெருசா ஆவி வராது. டேங்க் மூச்சு விட ஒரு சாதா வென்ட் போதும். கேனிஸ்டர் வச்சாலும் அதைச் சுத்தம் பண்ற வெற்றிடம் டீசல் இன்ஜின்ல எளிதா கிடைக்காது. பெட்ரோல் இன்ஜின் மாதிரி காத்தை அடைச்சு அது தன் வேகத்தைக் கட்டுப்படுத்துறது இல்லை.

கழுத்து வரை ரொப்பினா என்ன ஆகும்

இப்போ அந்த "கிளிக்"குக்கு வருவோம். நாசில் நுனியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும். பெட்ரோல் மேல ஏறி அந்த ஓட்டையை மூடினதும், உள்ள உறிஞ்சு அழுத்தம் மாறி, ஒரு டயாஃப்ரம் நகர்ந்து வால்வை மூடிடும். கரண்டும் வேண்டாம், சென்சாரும் வேண்டாம். வண்டி செஞ்சவங்க டேங்குக்கு மேல வேணும்னே ஒரு காலி இடம் விட்டிருக்காங்க. ஆவி தேங்க ஓர் இடம், சூட்டுல பெட்ரோல் விரிய ஓர் இடம். தரைக்கடித் தொட்டியில குளிர்ச்சியா இருந்த 40 லிட்டர் பெட்ரோல், வெயில்ல ஒரு 17 டிகிரி சூடேறினா முக்கால் லிட்டர் வரைக்கும் விரியும். அந்த இடத்தையும் நீங்க ரொப்பிட்டா, விரியுற பெட்ரோல் எங்க போகும்? ஆவிக்குன்னு போட்ட குழாய்ல திரவமாவே போகும். கரி ஊறிடும். ஊறின கரியால ஆவியைப் பிடிக்க முடியாது. பெட்ரோல் வாடை, ஸ்டார்ட்டிங் டிரபிள், சில கார்கள்ல செக் இன்ஜின் லைட். மாத்தணும்னா ஆயிரக்கணக்குல செலவு. கிளிக்குக்கு மேல ரெண்டு லிட்டர் திணிச்சு நீங்க மிச்சம் பிடிச்சது ஒரு டீக்காசு.

"37 லிட்டர் டேங்க்னு மேனுவல்ல போட்டிருக்கு, 40 லிட்டருக்கு பில் போட்டுட்டாங்க, மீட்டர்ல தில்லுமுல்லு" என்ற சண்டையையும் பங்க்ல பார்த்திருப்பீங்க. சில இடத்துல நிஜமாவே தில்லுமுல்லு இருக்கலாம். ஆனா பல நேரம் அந்த மூணு லிட்டர் நிஜமாவே உள்ள போயிருக்கும், ஆவிக்கு ஒதுக்கின இடத்துலயும் குழாய்க் கழுத்துலயும்.

இந்தப் பழக்கம் எங்க இருந்து வந்தது? என் கணிப்பு, இது டீசல் காலத்துப் பழக்கம். பத்துப் பதினைந்து வருஷம் முன்னாடி பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விலை வித்தியாசம் பெருசு, வீட்டுக்கு வீடு டீசல் கார். டீசல் ஊத்தும்போது நுரைக்கும், அந்த நுரையே நாசிலைச் சீக்கிரம் நிறுத்திடும். நுரை அடங்கினதும் இன்னும் கொஞ்சம் ஊத்துறது நியாயம்தான். அதுக்குள்ள ஊறிப்போகக் கரியும் கிடையாது. பிஎஸ் 6 வந்ததும் காட்சி மாறிடுச்சு. மாருதி 2020 ஏப்ரலோட டீசல் கார் விற்பனையையே நிறுத்திடுச்சு. டீசல் கார் வச்சிருந்த குடும்பங்கள்ல நிறைய பேர் பெட்ரோலுக்கு வந்துட்டோம். கார் மாறிடுச்சு, கை பழக்கம் மாறல.

வாட்ஸ்அப்ல வர்ற தப்பு

இதுக்கு நேர் எதிர்ப்பக்கத்துலயும் ஒரு தப்பு இருக்கு. ஒவ்வொரு கோடைக்கும் குடும்ப குரூப்ல ஒரு ஃபார்வர்டு வரும்: "வெயில் அதிகம், டேங்க்கை ஃபுல் பண்ணாதீங்க, வெடிச்சுடும். பாதி மட்டும் போடுங்க. தினமும் ஒரு தடவை மூடியைத் திறந்து கேஸை வெளியில விடுங்க. இப்படிக்கு, இந்தியன் ஆயில்." அந்த நிறுவனமே இதை மறுத்து விளக்கம் குடுத்திருக்கு. வண்டி தயாரிப்பாளர் சொன்ன அளவு வரைக்கும், கோடையா இருந்தாலும் குளிர்காலமா இருந்தாலும், தாராளமா நிரப்பலாம்.

அந்த ஃபார்வர்டுல மோசமான வரி எதுன்னா, மூடியைத் திறந்து விடுங்கன்னு சொல்றதுதான். 2 கிராம் கூட வெளிய போகக் கூடாதுன்னு ஒரு முழு அமைப்பையே வண்டிக்குள்ள வச்சிருக்காங்க. நாம தினமும் போய் மூடியைத் திறந்து அதைக் காலி பண்றோம். டீசல் காரோட மூடியைத் திறந்தா ஒண்ணும் ஆகாது, ஏன்னா உள்ள கேஸே கிடையாது. பெட்ரோல் வண்டியில மூடியைத் திறக்கும்போது "ஸ்ஸ்"ஸுன்னு சத்தம் வந்தா பயப்படாதீங்க. மூடி சரியா மூடியிருக்குன்னு அர்த்தம்.

பங்க்ல நிக்கிறவங்க

இதுவரைக்கும் உங்க வண்டியைப் பத்திப் பேசினோம். உங்களுக்குப் பெட்ரோல் ஊத்துறவங்களைப் பத்தியும் பேசணும்.

காலி டேங்க்னு நாம சொல்றது காலி இல்ல, அதுல ஆவி நிறைஞ்சிருக்கு. 30 லிட்டர் பெட்ரோல் உள்ள போனா, ஆவி கலந்த 30 லிட்டர் காத்து வெளிய வந்தே ஆகணும். நம்ம ஊர் கார்கள்ல அது நாசில் பக்கமா, டேங்க் வாய் வழியாத்தான் வருது. பெட்ரோல் போடும்போது காத்து நெளியுற மாதிரி தெரியுமே, அதுதான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையோட கணக்குப்படி, கட்டுப்பாடு எதுவும் இல்லாம நிரப்பினா லிட்டருக்குச் சுமார் 1.3 கிராம் ஆவி வெளியேறும். 30 லிட்டருக்கு ஏறத்தாழ 40 கிராம். ஒரு நாளைக்கு 2 கிராம்னு சோதனைக்கூடத்துல கட்டுப்படுத்தின கார், மூணு நிமிஷத்துல இருபது நாளைக்கான ஆவியைக் கக்கிடுது. உங்க பர்ஸுக்கு அது 50, 60 மில்லி பெட்ரோல் நஷ்டம். பக்கத்து டீசல் நாசில்ல இந்த அளவு கிட்டத்தட்ட ஒண்ணுமில்லை.

அந்த ஆவியில பென்சீனும் இருக்கு. பிஎஸ் 6 பெட்ரோல்ல அது அதிகபட்சம் 1 சதவீதம்தான் இருக்கலாம். ஆனா உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு முகமை பென்சீனை மனிதருக்குப் புற்றுநோய் தரும்னு உறுதியான முதல் பிரிவுல வச்சிருக்கு. நமக்கு அது வாரத்துக்கு மூணு நிமிஷம். முள்ளோடையிலயோ கோரிமேட்டுலயோ எட்டு மணி நேரம் நிக்கிற அண்ணனுக்கும் அக்காவுக்கும்? கிளிக் சத்தத்துக்கு அப்புறம் நாம "இன்னும் கொஞ்சம்" என்று கேக்கும்போது, அவங்க குனிஞ்சு டேங்க் வாய்க்குள்ள எட்டிப் பார்க்குறாங்க. ஆவி வர்ற அதே வாய். டீசல் ஊத்தும்போது குனியுறதும் இங்க குனியுறதும் ஒண்ணு கிடையாது.

மக்கள்தொகையை வச்சு அளந்தா போதுமா

இதுக்குத் தீர்வு இல்லாம இல்ல. ஆவி மீட்பு நாசில்னு ஒண்ணு இருக்கு. பெட்ரோல் உள்ள போகப் போக, வெளிய வர்ற ஆவியை உறிஞ்சி இன்னொரு குழாய் வழியா தரைக்கடித் தொட்டிக்கே அனுப்பிடும். டேங்கர் லாரி இறக்கும்போதும் இதே மாதிரி ஆவியைத் திருப்பி லாரிக்கே அனுப்பலாம். அமெரிக்காவுல 1998 மாடல்ல இருந்து பெரிய கேனிஸ்டரை காருக்குள்ளயே வச்சு, பெட்ரோல் போடுற நேரத்து ஆவியையும் பிடிக்க ஆரம்பிச்சாங்க.

நம்ம நாட்டுலயும் இது பேசப்பட்டிருக்கு. சென்னையில இருக்குற தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தோட தென்மண்டல அமர்வுல தொடங்கின வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2023ல வந்த தீர்ப்புல, 10 லட்சத்துக்கு மேல மக்கள்தொகை உள்ள நகரங்கள்ல, மாசம் 300 கிலோலிட்டருக்கு மேல விக்கிற பங்க்குகள்ல ஆவி மீட்பு அமைப்பை வைக்கணும்னு உறுதியாச்சு.

இந்த அளவுகோல்லதான் எனக்குக் கேள்வி. 2011 கணக்கெடுப்புப்படி புதுச்சேரி நகரமும் அதை ஒட்டின பகுதிகளும் சேர்ந்து சுமார் 6.5 லட்சம் பேர். 10 லட்சம் என்ற கோட்டுக்குக் கீழதான் நிக்கிறோம். ஆனா நம்ம பங்க்குகள்ல பெட்ரோல் போடுறவங்க நாம மட்டுமா? விழுப்புரம், கடலூர், திண்டிவனம்னு சுத்துப்பட்டு ஊர்களும், வாரக் கடைசியில ஈசிஆர்ல வர்ற சென்னையும் இங்கதான் நிரப்பிட்டுப் போகுது. பெட்ரோல் அவங்க வண்டியில போயிடுது, ஆவி நம்ம ஊர்ல தங்கிடுது. அந்த விற்பனையால வர்ற வரி நம்ம அரசுக்குத்தானே வருது? அதுல ஒரு சின்னப் பங்கை எல்லையோர பங்க்குகளோட நாசிலுக்கு ஒதுக்கச் சொல்றது பெரிய ஆசை இல்ல. ஊர்ல எத்தனை பேர் குடியிருக்காங்கன்னு பார்க்க வேண்டாம். அந்த பங்க் மாசம் எத்தனை லிட்டர் விக்குதுன்னு மட்டும் பாருங்க. அதுதான் எங்களுக்கு ஏத்த விதி.

"கடல் காத்து எல்லாத்தையும் அடிச்சுட்டுப் போயிடும் பாஸ்" என்று சொல்ற நண்பர்கள் இருக்காங்க. பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், தரையோட தவழும். நாசில் பக்கத்துல நிக்கிறவங்க மூக்கைத் தாண்டித்தான் அது கடலுக்குப் போகணும். "டீசல் லாரி கக்குற புகையை விட்டுட்டு இதைப் பேசுறியா?" என்றும் கேக்கலாம். கேள்வி நியாயம். டீசல் தன் பாவத்தை டேங்க்ல பண்றதில்ல, சைலன்சர்ல பண்ணுது. புகைக்கரியும் நைட்ரஜன் ஆக்சைடும் அதோட கணக்கு. ஆனா அந்த நைட்ரஜன் ஆக்சைடும் நம்ம பெட்ரோல் ஆவியும் வெயில்ல சேர்ந்தாத்தான் தரைமட்ட ஓசோன் உருவாகுது. நம்ம ஊர்ல வெயிலுக்கா பஞ்சம்? ஒண்ணைக் காட்டி இன்னொண்ணை விட்டுட முடியாது.

சரி, இப்போ என்ன செய்யலாம்

பெட்ரோல் காரா இருந்தா, முதல் கிளிக்லயே நிறுத்தச் சொல்லுங்க. "ரவுண்டா போட்டுடவா" என்று கேட்டா, "வேண்டாம் அக்கா, போதும்" என்று சொல்லிட்டு, யூபிஐல வர்ற தொகையை அப்படியே கட்டுங்க. சில்லறைப் பிரச்சினை ஒழிஞ்ச காலத்துல ரவுண்ட் ஃபிகர் எதுக்கு? ஸ்கூட்டர்னா கழுத்துக்குக் கீழயே நிறுத்துங்க. மூடியில இருக்குற ரப்பர் வெடிச்சிருந்தா மாத்துங்க. முடிஞ்சா நிழல்ல நிறுத்துங்க. கேனிஸ்டரைக் கழட்டிட்டு ஓட்டலாம்னு யாராவது யோசனை சொன்னா கேக்காதீங்க. டீசல் கார் வச்சிருந்தா, நுரை அடங்கினதும் நிதானமா ஊத்திக்கலாம். ஆனா காலியாகுற வரைக்கும் ஓட்டாதீங்க, ஃபில்டர்ல சேருற தண்ணியை நேரத்துக்கு வடிச்சுடுங்க.

ஜூனியர்ஸுக்கு ஒண்ணு. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் தேடுறவங்க, ஒரு கையடக்க ஆவி அளவி வாடகைக்கு எடுத்து, பங்க் உரிமையாளர்கிட்ட அனுமதி வாங்கி, பெட்ரோல் நாசில் பக்கமும் டீசல் நாசில் பக்கமும் ஒரு வாரம் அளந்து பாருங்க. கிளிக்ல நிறுத்தினா எவ்வளவு, அதுக்கு மேல ரொப்பினா எவ்வளவுன்னு தனித்தனியா எழுதுங்க. நம்ம ஊர் எண்கள் கையில இருந்தா, மாசுக்கட்டுப்பாட்டுக் குழுமத்துக்கிட்ட போய் எல்லையோர பங்க்குகளுக்கு ஆவி மீட்பு நாசில் கேக்குறது சுலபமாகும். கேக்குறதுக்கு நானும் கூட வர்றேன்.